ராத்திரியில டிக்கெட்ட மாத்தாத மா

நீ எழுதியிருக்கறத மேலாக படிச்சா "சென்னையில தனியா இருக்கேன், இன்னிக்கு நாளே நாசம், என்ன பண்ணலாம்"னு கேக்கற மாதிரி இருக்கு, கடைசி ரெண்டு வரியில தான் உன் உண்மையான கேள்வி இருக்கு. 26 வயசு, மலேசியாவுல ஷா ஆலாம்ல வேலை, ஒரு வருஷம் ரிங்கிட் ரிங்கிட்டா காசு சேத்து 9 நாளைக்கு தனியா கிளம்பியிருக்க, இன்னிக்கு மூணாவது நாள். காலையில லாட்ஜ் கவுண்ட்டர்ல "பசியாற என்ன இருக்கு"ன்னு கேட்டதுக்கு அங்க இருந்த பையன் சிரிச்சிட்டான், அந்த ரோஷத்துல சாப்பிடாமலே வெளிய போயிட்ட, ஏடிஎம்ல கார்டு எடுக்கல, ஆட்டோக்காரர் பேசுன காசுக்கு மேல கேட்டு சண்டையாகி பாதி வழியில இறக்கி விட்டுட்டார், உச்சி வெயில்ல தி.நகர்லேர்ந்து நடந்தே ரூமுக்கு வந்து, தலைவலியோட சாயந்திரம் 6 மணியிலேர்ந்து அழுதுக்கிட்டு இருக்க. நீ கேக்கறது மூணு விஷயம்: நான் தனியா போற ஆளே இல்லையா, டிக்கெட்ட மாத்தி நாளைக்கே வந்துடட்டுமா, அம்மாகிட்ட சொல்லலாமா. நாசமா போன நாள விட இந்த மூணு தான் உன்ன தூங்க விடாம பண்ணுதுன்னு நினைக்கிறேன்.

நானும் மலேசியாவுல தான், சுங்கை சிப்புட்ல இருக்கேன், 32 வருஷம் மிஸ்ஸியா, அதாவது நர்ஸா, வேலை பாத்தவ, முதல் பாதி ஆஸ்பத்திரி வார்டுல, பிறகு கிளினிக்ல. ரிட்டையர் ஆன பிறகு வருஷத்துக்கு ரெண்டு தடவயாவது தனியா எங்கயாவது போயிட்டு வந்துடுவேன், மேடான், பேங்காக், மதுரை, சென்னைக்கு மட்டும் நாலு தடவ. அதனால உடம்பு சம்பந்தமா நான் சொல்றது படிச்சு வேலை செஞ்சு தெரிஞ்சது, தைரியமா எடுத்துக்கலாம். மனசு சம்பந்தமா சொல்றதுல பாதிக்கு மேல என் சொந்த அனுபவம், உனக்கு பொருந்தாமலும் போகலாம், நான் மனநல டாக்டர் இல்ல. உன் அம்மா வயசு எனக்கு, அதனால நீன்னே சொல்றேன், கோவிச்சுக்காத மா.

முதல்ல ஒண்ண பிரிச்சு பாத்துடணும். இன்னிக்கு நடந்தது மோசமான நாளா, ஆபத்தான நாளா? யாராவது பின்னாலயே வந்தாங்களா, லாட்ஜ் ஆளுங்க ராத்திரியில கதவ தட்டுறாங்களா, கதவுக்கு தாழ்ப்பா சரியா இல்லையா, யாராவது உன்ன தொட்டாங்களா? இதுல ஒண்ணு இருந்தாலும் இந்த பதில படிக்கறத நிறுத்து, உடனே 112 அடி, இல்ல பொம்பளைங்களுக்கான 181 அடி, இப்பவே வேற இடம் மாறு, காசு போனா போகட்டும், விடியட்டும்னு காத்திருக்காத. நீ எழுதுனதுல அப்படி எதுவும் இல்ல, அதனால மோசமான நாள்னு எடுத்துக்கிட்டு மேல சொல்றேன்.

இப்ப மணிய பாரு. நமக்கும் சென்னைக்கும் ரெண்டரை மணி நேரம் வித்தியாசம். நீ ராத்திரி 8 மணிக்கு எழுதியிருக்க, உன் உடம்புக்கு அது ராத்திரி 10.30. காலையில 4 மணிக்கே முழிப்பு வந்துடுதுன்னு சொல்றியே, உன் உடம்புக்கு அது 6.30, தினம் வேலைக்கு எந்திரிக்கற நேரம். ஆனா ராத்திரியில புது ஊரு ஆர்வத்துல 11 மணி வரைக்கும் முழிச்சிருக்க, அது உடம்புக்கு 1.30. ஆக ரெண்டு ராத்திரியா உனக்கு அஞ்சு மணி நேர தூக்கம் தான். தூக்கம் குறைஞ்சா சின்ன விஷயம் பெரிசா வலிக்கும், இது ஆராய்ச்சி பண்ணி நிரூபிச்சதும் கூட, நைட் ஷிஃப்ட் பாத்த எந்த மிஸ்ஸிய கேட்டாலும் சொல்லுவாங்க. அதுக்கு மேல பசியாறல, தண்ணி ஒரு பாட்டில் தான் குடிச்சேன்னு வேற எழுதியிருக்க. நமக்கு வெயில் புதுசா என்னன்னு நினைப்போம், ஆனா நம்ம வெயில் வேற, அங்க ஏப்ரல் மே மாசத்துல சில நாள் 40 டிகிரிய தாண்டும். நம்ம பாட்டிங்க ரப்பர் தோட்டத்துல விடியறதுக்கு முன்ன பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கற இடத்துக்கு போயி, பாலுக்காக மரத்த சீவி, உச்சி வெயில் ஏறறதுக்குள்ள பால் எடுத்து ஸ்டோர்ல சேத்துட்டு நிழலுக்கு வந்துடுவாங்க, உச்சி நேரத்துல தார் ரோட்டுல மூணு நாலு கிலோமீட்டர் அவங்களே நடக்க மாட்டாங்க, நீ வெறும் வயித்தோட நடந்திருக்க.

அதனால இந்த பதில படிச்சு முடிக்கறதுக்கு முன்னாடி தண்ணி குடி. பக்கத்து மருந்துக் கடையில ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கிடைக்கும், அளவ மட்டும் கவனமா பாரு, நம்ம ஊரு கிளினிக்ல குடுக்கற பாக்கெட் 250 மில்லி தண்ணிக்கு, அங்க கிடைக்கற பெரிய பாக்கெட் 1 லிட்டருக்கு, பாக்கெட் மேல போட்டிருக்கற அளவுக்குத் தான் கலக்கணும். வெளிய போக பயமா இருந்தா லாட்ஜ்லயே சீனியும் உப்பும் கேளு, 1 லிட்டர் சுத்தமான தண்ணிக்கு சீனி தட்டையா 6 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், உப்பு கூடிடக் கூடாது. ஒரே மூச்சுல குடிக்காம ஒரு மணி நேரத்துக்கு கொஞ்சம் கொஞ்சமா குடி. பிறகு தயிர் சாதமோ இட்லியோ, காரம் இல்லாம. தலைவலிக்கு பனடோல் வேணும்னா அங்க பாரசிட்டமால்னு கேளு, 650 மில்லிகிராம் மாத்திரை தான் நிறைய கடையில குடுப்பாங்க, அது ஒண்ணு போதும், நம்ம 500 மாத்திரை பழக்கத்துல ரெண்டு போட்டுக்காத. நல்லா தலைக்கு குளி. ராத்திரியில ஃபில்டர் காப்பி வேணாம் மா, எவ்வளவு ஆசையா இருந்தாலும், படபடப்ப அது கூட்டும்.

நெஞ்சு படபடன்னு அடிக்குது, மூச்சு முட்டற மாதிரி இருக்குன்னும் எழுதியிருக்க. பயத்துல வர்ற படபடப்பு பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள்ள உச்சத்துக்கு போயி பிறகு தானா இறங்கும், அப்படியே ஏறிக்கிட்டே போகாது. அந்த நேரத்துல மூச்ச இழுக்கறத விட மெதுவா நீளமா விடு, அது உதவும். நாலு எண்ணு, ஏழு எண்ணு, எட்டு எண்ணுன்னு ஆளாளுக்கு ஒரு கணக்கு சொல்லுவாங்க, அந்த நம்பர்ல பெரிசா ஒண்ணும் இருக்கறதா எனக்கு படல, விடற மூச்சு இழுக்கற மூச்ச விட நீளமா இருந்தா போதும். பேப்பர் பையில மூச்சு விடுன்னு யாராவது பழைய வைத்தியம் சொன்னா செய்யாத, அது ஆபத்தா போகலாம், அதனால இப்ப அந்த வைத்தியத்த சொல்லித் தர்றதில்ல. ஆனா வலி கைக்கோ தாடைக்கோ பரவுனா, இல்ல மயக்கம் வந்தா, அது பயம் தானான்னு நீயே முடிவு பண்ணாத, 108 அடிச்சா ஆம்புலன்ஸ் வரும். வெயில்ல போயிட்டு வந்ததால இன்னொண்ணு, உடம்பு நெருப்பா சுட்டு பேச்சு குழறுனாலோ எங்க இருக்கோம்னே தெரியாம போனாலோ அதுவும் உடனே ஆஸ்பத்திரி போக வேண்டியது. நீ இவ்வளவு தெளிவா எழுதியிருக்கறத பாத்தா அந்த நிலைமை இல்ல, இருந்தாலும் ராத்திரி பூரா தனியா இருக்க போற, அதனால சொல்லிட்டேன்.

இப்ப டிக்கெட் விஷயம். வார்டுல ஏ.ஓ.ஆர். பாரம்னு ஒண்ணு இருக்கும், டாக்டர் வேணாம்னு சொல்லியும் நான் என் பொறுப்புல வீட்டுக்கு போறேன்னு கையெழுத்து போட்டு கிளம்பறது. எத்தனையோ பேரு அந்த பாரத்த என்கிட்ட கேட்டிருக்காங்க, அதுல பாதி பேரு கேட்டது ராத்திரி 1 மணிக்கு மேல 4 மணிக்குள்ள. பகல்ல சிரிச்சு பேசிக்கிட்டு இருந்த மனுஷன் 2 மணிக்கு உக்காந்துக்கிட்டு "மிஸ்ஸி, நான் இங்கயே செத்துடுவேன், என்ன வீட்டுக்கு அனுப்பிடு"ன்னு அழுவாரு. நான் தர மாட்டேன்னு சொன்னதே இல்ல, அது அவங்க உரிமை. "தரேன் ஐயா, டாக்டர் ரவுண்ட்ஸ் வரட்டும், அதுக்கு முன்ன இந்த மைலோவ குடிங்க"ன்னு சொல்லி பக்கத்துல கொஞ்ச நேரம் நிப்பேன். காலையில 7 மணிக்கு அதே ஆளு தோசைக்கு சட்னி இல்லையான்னு கேப்பாரு. எல்லாரும் அப்படி மாறிடல, சில பேரு காலையிலயும் போகணும்னு தான் சொன்னாங்க, கையெழுத்து போட்டு போனாங்க, ஆனா அழாம யோசிச்சு போனாங்க. உனக்கும் அதையே தான் சொல்றேன். திரும்பி வர்றது தப்பே இல்ல. ராத்திரியில மாத்தாத, அவ்வளவு தான். நாளைக்கு சாப்பிட்டு, குளிச்சு, அங்க காலையில 10 மணிக்கு பிறகு முடிவு எடு. டிக்கெட் விலை இன்னிக்கு ராத்திரி என்னவோ நாளைக்கு காலையிலயும் கிட்டத்தட்ட அது தான் இருக்கும், கொஞ்சம் கூடுனாலும் பரவால்ல.

"நான் தனியா போற ஆளே இல்லையா"ன்னு கேட்டதுக்கு வர்றேன், இது என் அபிப்பிராயம், மருத்துவம் இல்ல. நீ லயத்துல, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுல, பொறந்து ஏழு வயசுல தாமான் வீட்டுக்கு, டவுன் குடியிருப்புக்கு, வந்தேன்னு எழுதியிருக்க. நானும் லயத்துல வளந்தவ தான். பலகை சுவருக்கு அந்த பக்கம் இருமுனா இந்த பக்கம் சுடுதண்ணி வேணுமான்னு கேப்பாங்க, அம்மா ரப்பர் மரம் சீவ போயிட்டா ஆயா கொட்டகையில நாப்பது பிள்ளைங்களோட கிடப்போம், டவுனுக்கு போனா கடைக்காரர்லேர்ந்து பஸ் டிரைவர் வரைக்கும் "நீ யாரு வீட்டு பிள்ளை"ன்னு கேப்பாங்க. தனியா ஒரு ரூம்ல ஒரு பொண்ணு உக்காந்திருந்தா அவளுக்கு உடம்பு சரியில்லன்னு அர்த்தம். அப்படி வளந்த நமக்கு, கதவ பூட்டிக்கிட்டு அழுதா சுவத்துக்கு அந்த பக்கத்துலேர்ந்து சத்தமே வராத ஒரு ரூம் பயமா தான் இருக்கும். இது உன்கிட்ட இருக்கற குறை இல்ல மா, பழகாத விஷயம், நீச்சல் மாதிரி சைக்கிள் மாதிரி பழகணும், மூணு நாள் பத்தாது. எனக்கு நாலாவது பயணத்துல தான் ஹோட்டல் ரூம்ல டிவி போடாம தூங்க முடிஞ்சுது.

அந்த பையன் சிரிச்சது இருக்கே, ஆட்டோ சண்டைய விட அது தான் உன்ன சுட்டிருக்குன்னு நினைக்கிறேன், ஏன்னா அத ரெண்டு தடவ எழுதியிருக்க. பேங்காக்ல ஒருத்தர் சிரிச்சா நமக்கு வலிக்காது, அது அவங்க ஊரு. சென்னைக்கு நாம விருந்தாளியா போறதில்ல, சொந்தக்காரங்க வீட்டுக்கு போற மாதிரி போறோம். என் பாட்டி நாகப்பட்டினத்துல ரஜூலா கப்பல் ஏறி பினாங்குல இறங்குனவங்க, சாகற வரைக்கும் "ஊரு, ஊரு"ன்னு தான் பேசுவாங்க, அந்த ஊர மனசுல வச்சிக்கிட்டு தான் நானும் முதல் தடவ ஏர்போர்ட்ல இறங்குனேன். ஆனா அந்த ஊருக்கு நம்மள தெரியாது, நம்ம பாட்டி கிளம்பி போனதும் தெரியாது, அவங்களுக்கு நாம பை தூக்கிக்கிட்டு வர்ற இன்னொரு கஸ்டமர். இதுல யாரு மேலயும் தப்பு இல்லன்னு புரிய எனக்கு ரெண்டு பயணம் ஆச்சு. பசியாறறதுங்கறது நல்ல தமிழ், அங்கயே முஸ்லிம் குடும்பங்கள்ல இன்னும் அப்படித்தான் சொல்றாங்க, நீ அத மாத்திக்க வேணாம், நாளைக்கு அந்த பையன்கிட்டயே "எங்க ஊருல டிபனுக்கு இப்படித்தான் சொல்லுவோம்"னு சொல்லிப்பாரு. சாப்பாட்ட புங்குஸ் பண்ண சொன்னா மட்டும் புரியாது, பார்சல்னு கேளு.

என் முதல் சென்னை ராத்திரிய சொல்றேன். 10.30 மணி, பேசி வச்சிருந்த லாட்ஜ்ல பாஸ்போர்ட்ட பாத்ததும் ரூம் இல்லன்னுட்டாங்க. வெளிநாட்டு ஆள தங்க வச்சா ஃபார்ம் சி-ன்னு ஒண்ண 24 மணி நேரத்துக்குள்ள அரசாங்கத்துக்கு பதியணும், சின்ன லாட்ஜ் நிறைய அந்த வேலைக்கே போறதில்ல, அதனால வேணாம்னுடுவாங்க. எனக்கு அப்ப அது தெரியாது, என் மூஞ்சிய பாத்து வேணாம்னு சொல்றாங்கன்னு தான் நினைச்சேன். பெட்டிய இழுத்துக்கிட்டு மூணாவது இடத்துல ரூம் கிடைச்சு உள்ள போனதும் அழுதேன். பிறகு என்ன செய்யறதுன்னே தெரியல, பாத்ரூம்ல ஒரு வாளி இருந்துச்சு, போட்டிருந்த துணிய எல்லாம் அவுத்து சோப்பு போட்டு துவைச்சேன். நல்லா அடிச்சு துவைச்சு, பிழிஞ்சு, ஃபேனுக்கு கீழ நாற்காலி மேல காயப்போட்டேன். கை வேலையா இருந்தா மனசு சுத்தறது குறையுதுன்னு சொல்லுவாங்க, எல்லாருக்கும் அப்படி ஆகுமான்னு சொல்ல மாட்டேன், எனக்கு ஆச்சு. உன்கிட்ட அழுக்கு துணி இருக்குமே, துவை. போன்ல மத்தவங்க சந்தோஷமா ஊரு சுத்தற படத்த பாக்கறத விட அது நல்லது.

காசு விஷயம் சீக்கிரமா சொல்லிடறேன், ஏன்னா இது சரியானா உன் பயத்துல பாதி போயிடும். நம்ம பேங்க் கார்டுல வெளிநாட்டு பயன்பாடு தானா திறந்திருக்காது, பேங்க் ஆப்புல போயி நீ தான் திறக்கணும், லாட்ஜ் வைஃபைலயே செய்யலாம், ஏடிஎம் எடுக்காததுக்கு பெரும்பாலும் காரணம் இது தான். திறந்த பிறகு பேங்க் கிளையோட ஒட்டுன ஏடிஎம்ல பகல்ல எடு, கார்டு மாட்டிக்கிட்டா உள்ள போயி கேக்கலாம். அங்க டீக்கடை வரைக்கும் கியூ ஆர் ஸ்கேன் தான், நம்ம ஆப்ப நம்பி போகாத, 10, 20, 50, 100 ரூபாயா சில்லறை மாத்தி வச்சிக்க, ஐநூறு ரூபாய நீட்டுனா ஆட்டோவுலயும் சண்டை தான். ஆட்டோ வேணும்னா ஆப்புல போடு, ஏறறதுக்கு முன்னயே விலை தெரியும். தி.நகருக்கு மாம்பலம் ஸ்டேஷன் இருக்கு, பீச்லேர்ந்து தாம்பரம் போற ரயில்ல பொம்பளைங்களுக்கு தனி பெட்டி இருக்கு, ஆபீஸ் நேரத்த விட்டுட்டு ஏறுனா நிம்மதியா போகலாம். அந்த பெட்டியில உக்காந்தா பூ கட்டிக்கிட்டு, வெங்காயம் உரிச்சிக்கிட்டு, பரீட்சைக்கு படிச்சிக்கிட்டு பொம்பளைங்க வருவாங்க, யாராவது ஒருத்தங்க எந்த ஊருன்னு கண்டிப்பா கேப்பாங்க.

நாளைக்கு ஒரே ஒரு இடம் போதும், நீ போட்டு வச்சிருக்கற அட்டவணைய தூக்கி வை. நான் சொன்னா எழும்பூர் மியூசியம், 1851-ல ஆரம்பிச்சது, வெள்ளிக்கிழமை லீவு. வெண்கலச் சிலைக்குன்னு தனிக் கட்டடமே இருக்கு, ஒரு சிலைக்கு முன்ன அரை மணி நேரம் நின்னாலும் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, தனியா வர்றவங்களுக்கு அது ரொம்ப நல்ல இடம். மயிலாப்பூர் கோயில்னா காலையிலயே போ, மத்தியானம் நடை சாத்திடுவாங்க, 4 மணி வாக்குல தான் திறப்பாங்க. 12 மணியிலேர்ந்து 4 மணி வரைக்கும் ரூம்ல படு. சாயந்திரம் மெரினாவுக்கு போனா கூட்டமா இருக்கற பக்கமா உக்காரு, கடல்ல இறங்காத, அங்க அலை இழுக்கும்.

ரெண்டு நாள் நல்லா தூங்கி சாப்பிட்ட பிறகும் காலையில எந்திரிக்கும் போதே அழுகை வந்தா, இல்ல காய்ச்சல் விடாம அடிச்சா, அப்ப தாராளமா கிளம்பி வா, அதுல தோத்ததா எதுவும் இல்ல. காய்ச்சல்னா டெங்கிய மறக்காத, அங்கயும் இருக்கு, டாக்டர் பாக்கறவரைக்கும் பாரசிட்டமால் தவிர வேற வலி மாத்திரை போடாத. பாஸ்போர்ட் ஏதாவது ஆனா சென்னையிலயே நம்ம நாட்டு தூதரக அலுவலகம் இருக்கு. இன்னொண்ணு, நேரா கேக்கறேன், வார்டுலயும் இப்படித்தான் நேரா கேப்பேன்: செத்துடலாம்னு தோணுதா? தோணுனா அது ஊரு சம்பந்தப்பட்ட விஷயம் இல்ல, என் பதிலுக்குள்ள அடங்கறதும் இல்ல, உடனே பேசணும். அங்க 14416 அடிச்சா தமிழ்லயே பேசலாம், அரசாங்கத்தோடது. நம்ம ஊரு பிஃப்ரெண்டர்ஸ்க்கு +60 3 7627 2929, 24 மணி நேரமும் எடுப்பாங்க, அங்கேர்ந்தும் கூப்பிடலாம்.

அம்மாகிட்ட சொல்லலாமான்னு கேட்ட. சொல்லு. ஆனா இப்ப அங்க மணி 9-ன்னா நம்ம ஊருல 11.30, இந்த நேரத்துல போன் அடிச்சாலே அவங்களுக்கு உயிர் போயிடும், அழுத மூஞ்சிய வீடியோவுல பாத்தா "நாளைக்கே வந்துரு"ன்னு தான் சொல்லுவாங்க, எந்த அம்மாவும் அது தான் சொல்லும், நானும் என் பிள்ளைக்கு அது தான் சொல்லுவேன். இப்போதைக்கு "ரூம்ல இருக்கேன், கதவு பூட்டியாச்சு, காலையில கூப்பிடறேன்"னு ஒரு வாய்ஸ் மெசேஜ் போடு. நாளைக்கு காலையில நீ சாப்பிட்டு முடிச்சு அங்க 8 மணிக்கு கூப்பிடு, இங்க 10.30, அவங்க சமையலுக்கு காய் நறுக்கிக்கிட்டு இருப்பாங்க. கார்டு, ஆட்டோ, வெயில், அழுதது எல்லாத்தையும் மறைக்காம சொல்லு, சொல்லிட்டு மீதி ஆறு நாளும் அதே 8 மணிக்கு கூப்பிடறேன்னு சொல்லிடு, அவங்களும் தூங்குவாங்க.